பெக்கோக்கிலிருந்து தொடங்கும் மொழியியல்: அறிமுகப் பாடநூல்களின் எடுத்துக்காட்டுகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் தமிழை முதன்மைப் பாடமாக எடுத்துப் பயிலும் மாணவர் முதலாம் ஆண்டிலேயே எதிர்கொள்ளும் பாடங்களுள் ஒன்று மொழியியல் அறிமுகம் ஆகும். பள்ளியில் இலக்கணம் கற்று வந்த மாணவர், மொழியைப் பிழை, திருத்தம் என்னும் நோக்கிலேயே பார்த்துப் பழகியவர். மொழியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, அது இயங்கும் முறையை உற்று நோக்கும் பயிற்சி இப்பாடத்தில்தான் அவருக்கு முதன்முதலாகக் கிடைக்கின்றது. எனவே இதனைப் பிற பாடங்களுள் ஒன்றாகக் கருதிவிடல் இயலாது. பின்னாளில் தமிழாசிரியராகப் போகின்ற ஒருவர், தம் மாணவரின் பேச்சை எவ்வாறு செவிமடுப்பார் என்பதை உறுதி செய்யும் பாடம் இது.

எனினும், ஒலியனுக்கும் உருபனுக்கும் வரையறை எழுதத் தெரிந்த மாணவர் பலர், தாம் பேசும் தமிழிலிருந்து ஓர் ஒலியனையோ உருபனையோ பிரித்துக் காட்டத் தடுமாறுகின்றனர். இக்குறைக்குக் கலைச்சொற்களின் கடுமையைக் காரணம் காட்டுவது வழக்கம். கலைச்சொற்கள் கடினமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைக் காட்டிலும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. மலேசிய மாணவர் பயிலும் அறிமுக நூல்களின் எடுத்துக்காட்டுகள் அவருடைய செவிக்கு எட்டாத இடங்களிலிருந்து வருகின்றன என்பதே அது. இக்கட்டுரை, ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த பெக்கோக் என்னும் சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை நிறுவ முற்படுகின்றது.

பெக்கோக் தனிச்சிறப்பு வாய்ந்த ஊர் என்பதற்காகத் தெரிவு செய்யப்படவில்லை. தீபகற்ப மலேசியாவின் இருப்புப்பாதையில் லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே அமைந்துள்ள இவ்வூர், கித்தாத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்தது. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் மேற்கு நுழைவாயிலான செலாய்ப் பகுதிக்குச் செல்லும் வழியில் உள்ளது. மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகியோரோடு ஜக்குன் என்னும் பூர்வகுடி மக்களும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். மலேசியத் தமிழ் மாணவருள் கணிசமானோர் இத்தகைய ஊர்களிலிருந்தும், இத்தகைய ஊர்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களிலிருந்துமே வருகின்றனர். அவ்வகையில் பெக்கோக்கை ஒரு மாதிரியாகக் கொள்ளலாம்.

அறிமுக நூல்கள்: ஒரு பார்வை

தமிழில் மொழியியலை அறிமுகப்படுத்தும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. மு. வரதராசனாரின் மொழிநூல் (1947), மொழி வரலாறு (1954) ஆகியன, மொழியின் தோற்றம், ஒலி, சொல், பொருள் மாற்றம், மொழிக்குடும்பம் ஆகியவற்றை எளிய நடையில் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைத்தன. 1950களில் புனேயின் தக்காணக் கல்லூரியில் நடைபெற்ற கோடைக்கால மொழியியற் பள்ளிகளும், தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரின் வழிகாட்டலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மொழியியல் துறையும் அமைப்பு மொழியியலின் முறைகளைத் தமிழுக்குக் கொண்டு வந்தன. அதன் பயனாக முத்துச் சண்முகனின் இக்கால மொழியியல் (1971) போன்ற நூல்கள் தோன்றின. கு. பரமசிவத்தின் இக்காலத் தமிழ் மரபு (1983), மொழியியல் நோக்கில் இன்றைய தமிழை விளக்கும் முறைக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. இலங்கையில் எம்.ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணம் (1999) இன்றைய எழுத்துத் தமிழின் இலக்கணத்தை மாணவரும் ஆசிரியரும் பயன்கொள்ளும் வகையில் தெளிவுபடுத்தியது.

இந்நூல்களுக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. இவை இல்லையேல் தமிழ்வழி மொழியியற் கல்வியே இன்று இருந்திராது. ஆயினும் ஒவ்வொரு நூலும் ஒரு குறிப்பிட்ட நாட்டின் மாணவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. தமிழ்நாட்டில் எழுதப்பட்ட நூல், கிளைமொழி பற்றிப் பேசுங்கால் கொங்கு, நெல்லை, குமரி எனத் தமிழ்நாட்டு வட்டாரங்களைச் சுட்டுவது இயல்பே. சமூகக் கிளைமொழி என்றவுடன் 1910இல் ழூல் பிளாக் எழுதியதும், 1964இல் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. இராமானுஜனும் எழுதியதும் நினைவுக்கு வரும். சாதி அடிப்படையிலான பேச்சு வேறுபாடு அங்கு முதன்மை எடுத்துக்காட்டாகும். அந்நாட்டு மாணவர் இவ்வேறுபாடுகளைப் பேருந்திலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் கேட்கின்றார். பெக்கோக் மாணவர் அவற்றைத் திரைப்படத்தில் கேட்கலாம். தம் தெருவில் கேட்பதில்லை. அவருக்கு அவை மனப்பாடம் செய்யவேண்டிய செய்திகளாகவே நின்றுவிடுகின்றன.

இங்கு நூலாசிரியர்கள் மீது குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. அந்நூல்களை அப்படியே இறக்குமதி செய்து, அவற்றின் எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தே ஒப்புவிக்கச் செய்த நம் பாடத்திட்ட மரபையே வினவ வேண்டும். இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. சு. சுசீந்திரராசா போன்றோர் யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறையில் விரிவாக ஆராய்ந்தமையால், அங்குள்ள மாணவர்க்குத் தம் பேச்சே ஆய்வுப்பொருளாக முன்னிற்கின்றது.

நம் நாட்டிலும் இதற்கான தொடக்கம் இல்லாமலில்லை. 1956இல் தொடங்கப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, தனிநாயக அடிகள் தலைமையில் (1961-1969) உலகளாவிய நோக்கைப் பெற்றது. முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்ற அதே 1966ஆம் ஆண்டில், கீழ்ப் பேராக் பகுதியின் தமிழ்க் கிளைமொழிகளைச் சொல்லளவில் ஆராய்ந்த இராம. சுப்பையாவின் நூல் இத்துறையின் வெளியீடாக வந்தது. தோட்டப்புறத் தமிழரின் பேச்சு ஆராயத்தக்கது என்பதை அந்நூல் அன்றே காட்டியது. அத்தகைய ஆய்வுகள் அறிமுக வகுப்பின் பாடப்பொருளாக மாறியிருக்க வேண்டும். அவ்வாறு மாறாமற்போனதே நம் குறை.

மலாய்மொழிக் கல்வியாளர் இதில் நமக்கு முந்தினர். அப்துல்லா ஹசான் 1980இல் மலேசிய மொழி ஆசிரியர்க்கென்றே பொது மொழியியல் நூல் ஒன்றை எழுதினார். கற்பிக்கப்போகும் ஆசிரியர் இன்னார் என்பதை முன்னிறுத்தி எழுதப்பட்ட நூல் அது. மலேசியத் தமிழாசிரியரை அவ்வாறு முன்னிறுத்தும் நூலின் தேவை நமக்கும் உண்டு.

ஊர்ப்பெயர் ஒன்றில் ஓர் இயல்

உள்ளூர்ச் சான்று எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைப் பெக்கோக் என்னும் பெயரைக் கொண்டே காணலாம். மலாய்மொழி எழுத்தில் இப்பெயரின் நடுவில் உள்ளது ஒற்றைக் ககர மெய்யே. தமிழில் நாம் அதனை இரட்டித்து எழுதுகின்றோம். இரட்டிப்பது ஏன் என வகுப்பில் வினவின், 'அப்படித்தான் எழுதுவார்கள்' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். மொழியியல் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லெழுத்து ஒலிப்புடையதாகவோ உரசொலியாகவோ மாறுகின்றது. 'பகல்' என்பதிலுள்ள ககரமும் 'பக்கம்' என்பதிலுள்ள ககரமும் ஒன்றாக ஒலிப்பதில்லை. சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒலிப்பிலா ஒலி. மெல்லெழுத்தின் பின்னும் உயிர்களுக்கிடையிலும் வேறு ஒலி. ஒன்று வரும் இடத்தில் மற்றது வாராது. இதனையே துணைநிலை வழக்கு என்கின்றோம். இவ்வாறு வரும் ஒலிகளை ஓர் ஒலியனின் மாற்றொலிகள் என்கின்றோம். மலாய்மொழியில் நிலைமை வேறு. அங்கு ஒலிப்புடைய ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் வெவ்வேறு ஒலியன்கள்; இரண்டும் உயிர்களுக்கிடையே வரும். எனவே மலாய்ப் பெயரிலுள்ள ஒலிப்பிலாக் ககரத்தைத் தமிழ் வாய் காப்பாற்ற வேண்டுமாயின் அதனை இரட்டிப்பது தவிர வேறு வழியில்லை. ஒற்றைக் ககரமிட்டுப் 'பெகோக்' என எழுதினால் படிப்பவர் வேறொரு ஊரைப் படித்துவிடுவார்.

இவ்விளக்கம் சரியானதுதானா என்று சோதிக்க அதே இருப்புப்பாதையின் பிற ஊர்களே உதவுகின்றன. சிகாமட் என்னும் பெயரின் நடுவில் மலாய்மொழியில் உள்ளது ஒலிப்புடைய ககர ஒலி. தமிழில் அதனை இரட்டிப்பதில்லை. ஒற்றைக் ககரமே அவ்வொலியைத் தந்துவிடுகின்றது. லாபிஸ் என்பதன் நடுவிலுள்ளது ஒலிப்புடைய பகர ஒலி. அதனையும் நாம் இரட்டிப்பதில்லை. ஒலிப்பிலா ஒலி வரும் பெக்கோக்கில் மட்டும் இரட்டிக்கின்றோம். இலக்கண நூல் எதுவும் இவ்வேறுபாட்டைப் பெயர் சுட்டிக் கற்பித்ததில்லை. எழுதியவர் தம் மொழியறிவால் அதனைச் செய்துள்ளார். பேசுவோரின் மனத்தில் உறையும் விதி என மொழியியலார் சொல்வது இதனையே எனின், மாணவர் மறுக்கவியலாச் சான்றாக இஃது அமையும்.

இனிப் பெயரின் இறுதியைக் காண்போம். மலாய்மொழியில் சொல்லிறுதிக் ககரம் பொதுவாகக் குரல்வளை அடைப்பொலியாக ஒலிக்கும். தமிழிலோ வல்லின மெய் சொல்லுக்கு இறுதியாவதில்லை. மொழிக்கு இறுதியாகும் எழுத்துகளைத் தொல்காப்பியர் மொழிமரபில் வரையறுத்தபோது மெய்களுள் 11 மட்டுமே கொண்டார். வல்லினம் ஆறும் அவற்றுள் இல்லை. இவ்விதி இன்றும் பேச்சில் உயிரோடிருக்கின்றது. எழுத்தில் 'பெக்கோக்' என நின்றாலும் வாயில் 'பெக்கோக்கு' எனக் குற்றியலுகரம் ஏறுகின்றது. 'சிகாமட்', 'சிகாமட்டு' ஆகின்றது. உகரம் ஏறும்போது மெய் இரட்டிப்பதையும் கவனித்தல் வேண்டும். இரட்டிக்காவிடில் அது மீண்டும் ஒலிப்புடையதாகிவிடும். மேலே கண்ட அதே விதி இங்கும் தொழிற்படுகின்றது. இதே அடிப்படையில்தான் 'பெக்கோக்கில்', 'பெக்கோக்குக்கு' என வேற்றுமையுருபுகளும் ஏறுகின்றன. பாலோவின் மலாய் வடிவத்தில் ஈற்றில் உள்ள ஹகர ஒலி தமிழில் மறைந்து உயிரீறாகின்றது. குளுவாங்கின் முதலிலுள்ள மெய்ம்மயக்கத்தை இடையே ஓர் உகரம் வந்து பிரிக்கின்றது. நான்கைந்து நிலையப் பெயர்களைக் கொண்டே மாற்றொலி, இரட்டித்தல், உயிர்ச்சேர்க்கை, மெய்கெடுதல், சொல்லிறுதி வரையறை ஆகிய ஐந்து கருத்துகளை விளக்கிவிடலாம்.

தோட்டச் சொற்களும் அவற்றின் இலக்கணமும்

ஊர்ப்பெயரில் கண்ட விதி தோட்டப்புறச் சொற்களிலும் செல்லுகின்றதா என்பது அடுத்த வினா. மலேசியத் தமிழில் இரப்பரைக் குறிக்கும் 'கித்தா' மலாய்ச் சொல்லின் வழி வந்தது. அம்மலாய்ச் சொல்லின் நடுவிலுள்ள ஒலிப்பிலாத் தகர ஒலி தமிழில் இரட்டித்துள்ளது. இறுதி ஹகரம் பாலோவில் போன்றே மறைந்துள்ளது. பெக்கோக்கில் கண்ட விதி கித்தாவிலும் பிறழாது நிற்கின்றது.

இரட்டித்துக் காக்க இயலாத இடமும் உண்டு. மெல்லெழுத்தின் பின் வரும் வல்லெழுத்தைத் தமிழ் எப்போதும் ஒலிப்புடையதாகவே கொள்ளும். சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லில் மகரத்தின் பின் வருவது ஒலிப்பிலாப் பகரம். பழந்தலைமுறையினர் நாவில் அது 'கம்பம்' ஆயிற்று. அதன் பகரம் 'அம்பு' என்பதிலுள்ளது போலவே ஒலிக்கின்றது. மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கு' என்பதனையும் அதே பொருளுடைய மலாய்ச் சொல்லோடு ஒப்பிட்டால், மெல்லெழுத்தின் பின் அதே மாற்றத்தைக் காணலாம். விதியின் ஆட்சியையும் அதன் எல்லையையும் இவ்விரு தொகுதிகளும் சேர்ந்து காட்டுகின்றன.

'கம்பம்' உருபனியலுக்கும் சிறந்த சான்றாகும். மலாய்ச் சொல்லின் இறுதியிலுள்ள ஙகர மெய் தமிழில் சொல்லிறுதியில் வாராது. அதனை ஏற்ற மக்கள், மரம், குளம் போன்ற மகர ஈற்றுப் பெயர்களின் வரிசையில் அதனைச் சேர்த்துவிட்டனர். சேர்த்தவுடன் அவ்வரிசைக்குரிய இலக்கணம் முழுவதும் அதற்கு உரிமையாயிற்று. 'மரத்தில்' என்பது போலக் 'கம்பத்தில்'. 'குளத்துக்கு' என்பது போலக் 'கம்பத்துக்கு'. கடன் பெற்ற சொல் அத்துச் சாரியை பெற்றுத் திரிவதைக் காட்டிலும், ஒரு மொழியின் இலக்கணம் உயிர்ப்போடு இயங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு மாணவர்க்குக் கம்பம் என்பது தூண் அல்லது தேனி மாவட்டத்து ஊர். பெக்கோக் மாணவர்க்கு அது மக்கள் வாழும் சிற்றூர். ஒப்புரு பற்றிய பாடமும் இதனுள்ளேயே அடங்குகின்றது.

இன்று மலாய்வழிக் கல்வி பெற்ற இளையோர் பலர் இதே சொல்லைக் 'கம்போங்' எனப் பகரத்தை ஒலிப்பின்றியும் இறுதி ஙகரத்தைக் காத்தும் ஒலிக்கின்றனர். பாட்டனார் மலாய்ச் சொல்லைத் தமிழுக்கு இணக்கினார். பேரன் தம் தமிழின் எல்லையை மலாய்ச் சொல்லுக்காக விரிக்கின்றார். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைக் கொண்டே மொழிமாற்றத்தின் ஒரு கட்டத்தைக் கேட்கலாம். மலாய்மொழியும் ஆங்கிலமும் இளமையிலேயே பயின்றவரின் தமிழில், ஒலிப்புடைய ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் இன்னும் மாற்றொலிகளாகவே உள்ளனவா, அன்றித் தனித்தனி ஒலியன்களாகிவிட்டனவா என்பது விடை காண வேண்டிய ஆய்வு வினா. அறிமுக நூல் இதற்கு ஆயத்த விடை தர இயலாது. மாணவரே தரவு திரட்டி விடை காண வேண்டும்.

வினைச்சொற்களிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. உணவைப் பொட்டலமாகக் கட்டி வாங்குதலைக் குறிக்கும் 'தாப்பாவ்' சீனமொழி வழி வந்தது. தமிழில் அது நேரே விகுதி ஏற்பதில்லை; 'தாப்பாவ் பண்ணினேன்' எனத் துணைக்கு ஒரு தமிழ் வினையை அழைத்துக்கொள்கின்றது. காலமும் இடமும் காட்டும் உறுப்புகள் தமிழ் வினையிலேயே நிற்கின்றன. சொல் சீனம், அதனை இயக்கும் இலக்கணம் தமிழ். தொடரின் இறுதியில் வரும் 'லா' என்னும் மலேசியப் பேச்சு இடைச்சொல்லும், ஏகார ஓகாரங்கள் நிற்கும் இடத்தையே தனக்கும் இடமாகக் கொண்டுள்ளது.

மறுதலைச் சான்று

இதுவரை கண்டவை தமிழ் மலாயிடமிருந்து பெற்றவை. மலாய் தமிழிடமிருந்து பெற்றவற்றையும் அருகில் வைத்துக் காணும்போது, ஒலியனியல் பாடம் முழுமை பெறுகின்றது. கப்பல், கட்டில், பெட்டி ஆகிய சொற்கள் மலாய்மொழியில் முறையே ஒற்றைப் பகரமும் ஒற்றைத் தகரமும் கொண்டு வழங்குகின்றன. மலாய்மொழியில் மெய் இரட்டித்தல் இல்லை; ஆயினும் ஒலிப்பிலாத் தன்மை காக்கப்பட்டுள்ளது. கடை, முதல் ஆகிய சொற்களோ மலாய்மொழியில் ஒலிப்புடைய தகர ஒலி பெற்று வழங்குகின்றன. தமிழ் எழுத்து அவ்வொலியை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. ஆனால் மலாய் மக்களின் செவி அதனைக் கேட்டது. தம் எழுத்திலும் பதிவு செய்தது.

தமிழில் இடைநிலை ஒற்றை வல்லெழுத்து ஒலிப்புடையது, இரட்டித்தது ஒலிப்பிலாதது என்னும் விதிக்கு, தமிழறியாதார் தம்மையறியாது அளித்த சாட்சியம் இது. நாம் மலாய்ச் சொல்லை இரட்டித்து ஏற்றோம். அவர்கள் நம் இரட்டிப்பை ஒற்றையாக்கி ஏற்றனர். இரு செயலும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவை. தமிழ்நாட்டு நூலில் இச்சான்று இடம்பெறாதது இயல்பே. அங்குள்ள மாணவர்க்கு மலாய் தெரியாது. நம் மாணவர்க்கோ மலாய் நன்கு தெரியும். அவரிடமுள்ள இச்செல்வத்தை வகுப்பறை பயன்படுத்தாமல் விடுவது வருந்தத்தக்கது.

இரட்டை வழக்கு என்னும் இயல்

சார்லஸ் பெர்குசன் 1959இல் வகுத்துரைத்த இரட்டை வழக்குக் கோட்பாடு, தமிழ் அறிமுக நூல்களில் தவறாது இடம்பெறுவது. உயர்வழக்கு ஒன்று, தாழ்வழக்கு ஒன்று எனும் இரு படிநிலை அமைப்பு தமிழுக்குப் பொருந்துவதே. ஆயினும் பெக்கோக் போன்ற ஊரில் வளரும் ஒருவரின் மொழி வாழ்க்கையை இரு படிகளுக்குள் அடக்க இயலாது. வீட்டில் பேச்சுத் தமிழ், பள்ளியிலும் கோயில் மேடையிலும் எழுத்துத் தமிழ், அலுவலகத்தில் பொது மலாய், சந்தையில் பாசார் மலாய், பாடத்தில் ஆங்கிலம், நண்பரிடையே மலேசிய ஆங்கிலம் என அடுக்குகள் பல. மலேசியாவையும் சிங்கப்பூரையும் முன்வைத்து ஜான் பிளாட் 1977இல் பன்மை வழக்கு என்னும் கருத்தை விளக்கினார். நம் நாட்டை ஆராய்ந்து உருவான இக்கோட்பாட்டுக்கு நம் தமிழ் வகுப்புகளில் உரிய இடம் கிடைக்க வேண்டும்.

கிளைமொழி இயலும் அவ்வாறே. மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தமிழகத்தின் பல மாவட்டங்களைச் சேர்ந்தோர். அரசு உதவியுடனான தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதன்பின் தோட்ட லயங்களில் பிறந்து வளர்ந்தோரே பெரும்பான்மையினராயினர். பல வட்டார வழக்குகள் ஒரே லயத்தில் கலந்து வாழ்ந்ததால் எவை மறைந்தன, எவை நிலைத்தன, எது பொது வழக்காயிற்று என்பன கிளைமொழியியலின் உயிர்நாடியான வினாக்கள். 'பசியாறுதல்' என்பது காலையுணவைக் குறிக்கும் பொதுச்சொல்லாக இங்கு நிலைபெற்றது. 'பெரட்டு' என்பது தொழிலாளரைக் காலையில் அணிவகுத்துக் கணக்கெடுப்பதைக் குறித்தது. 'கிராணி', 'தண்டல்', 'ஆயாக்கொட்டகை', 'ஒட்டுப்பால்' என ஒவ்வொரு சொல்லும் ஒரு தொழில் உலகத்தின் ஆவணம். கித்தா குறைந்து செம்பனை பெருகியதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் அவ்வுலகத்தைக் கலைத்துவிட்டன. சொற்களை அறிந்த முதியோர் மறையுமுன் அவற்றைத் திரட்டக்கூடியவர் அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நம் மாணவரே. அறிமுகப் பாடத்தின் களப்பணி இதற்கு வாய்ப்பான கருவியாகும்.

எழக்கூடிய மறுப்பு

இத்தகைய பாடத்திட்டம் மொழித்தூய்மைக்கு ஊறு விளைவிக்காதா என்னும் வினா எழுதல் இயற்கை. மலேசியாவில் தமிழ் சிறுபான்மை மக்களின் மொழி. பள்ளி, வானொலி, நாளிதழ், இலக்கியம் ஆகியவற்றின் வாயிலாக நல்ல தமிழைக் காக்க மூன்று தலைமுறையினர் உழைத்துள்ளனர். இந்நிலையில் 'தாப்பாவ் பண்ணு' என்பதனைப் பல்கலைக்கழக வகுப்பில் ஆராய்வது அதற்கு ஏற்பு வழங்குவதாகாதா என ஆசிரியர் ஒருவர் அஞ்சினால், அவ்வச்சத்தை எளிதில் தள்ளிவிடல் தகாது.

ஆனால் ஆராய்தல் வேறு, பரிந்துரைத்தல் வேறு. நோயைப் பயிலும் மருத்துவ மாணவர் நோயைப் பரப்புவதாக யாரும் கருதுவதில்லை. பேச்சு வழக்கு நோயுமன்று என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். நம் மரபே இதற்கு இடமளித்துள்ளது. தொல்காப்பியம் சொற்களை வகைப்படுத்தும்போது திசைச்சொல்லுக்குத் தனியிடம் தந்தது. வடசொல் தமிழெழுத்துக்கு இணங்கி வரும் நெறியையும் வகுத்தது. பிறமொழிச் சொல் தமிழில் புகும்போது ஒலியமைதி எவ்வாறு மாறும் என்று எண்ணிப் பார்த்தவர் நம் இலக்கணிகள். கித்தாவையும் கம்பத்தையும் இக்காலத் திசைச்சொற்கள் எனக் கொண்டு ஆராய்வது அவர்கள் வழியில் நடப்பதேயாகும்.

மேலும், எழுத்துத் தமிழை நன்கு கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கே இவ்வறிவு முதன்மையாகத் தேவைப்படுகின்றது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் பேச்சு வடிவத்தைக் கட்டுரையில் எழுதிவிட்டால், 'கொச்சை' என்று சிவப்பு மையால் கோடிடும் ஆசிரியர் மாணவருக்குக் கற்பிப்பது தம் வீட்டுப் பேச்சு இழிந்தது என்னும் எண்ணத்தை மட்டுமே. அம்மாணவர் நாளடைவில் தமிழ் பேசுவதையே குறைத்துக்கொள்ளக்கூடும். அவ்வடிவம் எவ்விதியால் தோன்றியது, எழுத்து வழக்கில் அதற்கு நேரானது எது என விளக்கும் ஆசிரியரோ மாணவரின் பேச்சிலிருந்து எழுத்துக்கு ஒரு படி அமைத்துத் தருகின்றார்.

பாடநூல் அமைய வேண்டிய முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் சில கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவதாக, ஒவ்வோர் இயலும் மாணவர் அறிந்த தரவிலிருந்து தொடங்கி, விதியைக் கண்டபின் கலைச்சொல்லைத் தருதல் நன்று. வரையறை முதலில் வந்து எடுத்துக்காட்டு பின்வரும் இன்றைய முறை மனப்பாடத்தையே வளர்க்கின்றது. 1955இல் வெளிவந்த கிளீசனின் விளக்க மொழியியல் அறிமுகத்துக்குத் துணையாகப் பயிற்சிநூல் ஒன்றும் வெளியிடப்பட்டது. பயிற்சி இன்றி மொழியியல் இல்லை என்பதை அம்முறை உணர்த்தியது. தமிழில் அத்தகைய பயிற்சிநூல்கள் பெருகவேண்டும்.

இரண்டாவதாக, மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரைச் சார்ந்த 50 சொற்களையேனும் திரட்டி, பதிவு செய்து, ஒலி வடிவில் எழுதிப் பகுத்தாராய்தல் முதலாம் ஆண்டிலேயே இடம்பெற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயிலும் மாணவரின் இத்தகைய ஏடுகள் ஆண்டுதோறும் சேருமாயின், மலேசியத் தமிழின் சொற்களஞ்சியம் ஒன்றுக்கு அவையே மூலப்பொருளாகும்.

மூன்றாவதாக, உள்ளூர்ச் சான்றோடு நின்றுவிடுதலும் குறையே. பெக்கோக்கை மட்டும் அறிந்தவர் மொழியியலை அறிந்தவராகார். யாழ்ப்பாணத் தமிழும் நெல்லைத் தமிழும் உலக மொழிகளும் அதனையடுத்து வருதல் வேண்டும். ஒரு விதியைத் தம் நாவில் கண்டு தெளிந்த மாணவர், பிறர் நாவில் அது வேறுபடுவதை வியப்போடு நோக்குவார். அப்போதுதான் பிற கிளைமொழிகள் அவருக்குச் செய்தியாக நில்லாமல் ஒப்பீடாக விளங்கும். ஜக்குன் மக்களின் பேச்சு மலாய்மொழிக்கு நெருங்கிய உறவுடையது என்னும் செய்தியும், மொழிக்குடும்பம் பற்றிய இயலில் அவருக்கு அண்டைவீட்டுச் சான்றாக அமையும்.

முடிவுரை

அறிமுக மொழியியல் நூல்கள் தமிழுக்குச் செய்த தொண்டு போற்றத்தக்கது. அவற்றின் கோட்பாட்டுப் பகுதி இன்றும் நமக்குப் பயன்படுவதே. மாற்றப்பட வேண்டியது எடுத்துக்காட்டுப் பகுதி. மொழியியலைப் பொறுத்தவரை எடுத்துக்காட்டு என்பது கோட்பாட்டுக்கு அணி செய்யும் புறப்பொருள் அன்று; கோட்பாடு பிறக்கும் இடமே அதுதான். சிகாமட்டில் இரட்டிக்காத ககரம் பெக்கோக்கில் இரட்டிப்பதைத் தாமே கண்டறிந்த மாணவர், ஒலியன் என்றால் என்ன என்பதைப் பின்னர் மறப்பதில்லை.

இதனைச் செய்வதற்குப் புதிய நிதியோ புதிய துறையோ தேவையில்லை. 1966இலேயே இத்துறை காட்டிய வழி உள்ளது. தரவு மாணவரின் நாவிலேயே உள்ளது. தோட்டப்புறச் சொற்களை அறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. அத்தலைமுறையின் குரலைக் கேட்டு எழுதும் மாணவரை உருவாக்குவது, அறிமுக மொழியியல் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரின் கையிலும் உள்ள பணியாகும்.